லேப்டாப்புக்குள் ஒரு 1996

பெங்களூரில் டேட்டா சென்டர் பார்க்கக் கிளம்பினால் ஐடி கார்டு, கைரேகை, கேட்டில் ரிஜிஸ்டர் என்று ஆயிரம் சடங்கு. நான் கூட்டிப்போகும் இடத்துக்குச் செருப்பைக் கழற்றினால் போதும். ஹலசூரில் மூன்றாவது மாடி அறை. மேஜை மேல் ஒரு லேப்டாப். இவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். இந்த நிமிடம் அதற்குள் மூன்று கம்ப்யூட்டர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்று லினக்ஸ் சர்வர். ஒன்று விண்டோஸ் 11. மூன்றாவது, விண்டோஸ் எக்ஸ்பி. ஆமாம், பச்சைப் புல்மேடு, நீல வானம், அதே வால்பேப்பர்! பார்த்ததும் பழைய பிரவுசிங் சென்டர் ஏசி வாசனை மூக்கில் ஏறுகிறதா? அப்படியானால் உள்ளே வாங்க.

இத்தனை ஆர்ப்பாட்டமும் ஒரு சின்ன வெப்சைட்டுக்காக. சிவாஜிநகர், ஹலசூர், மர்ஃபி டவுன் சந்துகளில் கையால் எழுதிய தமிழ்க் கடைப் போர்டுகள் இன்னும் சில மிச்சமிருக்கின்றன. பாத்திரக் கடை, சைக்கிள் கடை, டீ ஸ்டால், ‘ஸ்ரீ’ போட்டுத் தொடங்கும் ஏதேதோ ஸ்டோர்ஸ். கன்னடமும் உருதும் ஆங்கிலமும் பக்கத்தில் நெருக்கியடித்து நிற்கும் போர்டுகள். ஃப்ளெக்ஸ் வந்ததிலிருந்து அவை ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கின்றன. படமெடுத்து, போர்டில் உள்ள வாசகத்தைத் தட்டச்சு செய்து, யாரும் தேடிப் பார்க்கும்படி இணையத்தில் வைக்க வேண்டும் என்பதே திட்டம். பத்துப் பைசா வருமானம் கிடையாது. வந்தால்தான் ஆச்சரியம்.

படத்தைப் போட்டோமா, முடிந்ததா என்றால், முடியாது. தமிழ் எழுத்து ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒவ்வொரு வேஷம் கட்டும். எக்ஸ்பியில் லதா என்ற எழுத்துரு. விண்டோஸ் 8 முதல் நிர்மலா. லினக்ஸில் லோஹித் அல்லது நோட்டோ. ஆப்பிளில் மலேசியாவின் முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதியும் ‘தமிழ் சங்கம் எம்என்’னும். (ஏரிக்கரைப் பக்கம் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கிற பேட்டையில் உட்கார்ந்து இந்தப் பெயரைச் சொல்வதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.) ஒன்றில் ‘கீ’யின் கொண்டை மேல் வரியில் போய் இடிக்கும். இன்னொன்றில் ‘மூ’வின் வால் பட்டனுக்கு அடியில் வெட்டுப்படும். இதையெல்லாம் பார்க்க நாலு கம்ப்யூட்டர் வாங்க என்னிடம் காசும் இல்லை, அறையில் இடமும் இல்லை. அதனால் வெர்ச்சுவல் மெஷின். சுருக்கமாக, வி.எம்.

இப்போது மேடைக்குப் பின்னால் போகலாம். நான் இதற்காகத்தான் காத்திருந்தேன்!

எக்ஸ்பிக்குள் போய் ‘டிவைஸ் மேனேஜ’ரைத் திறந்து பாருங்கள். உன் மதர்போர்டு என்ன தம்பி என்று கேட்டால், இன்டெல் 440எஃப்எக்ஸ் என்று பவ்யமாகச் சொல்கிறது. அது 1996இல் வெளிவந்த சிப்செட், பென்டியம் ப்ரோ காலத்துச் சரக்கு. நெட்வொர்க் கார்டு? ரியல்டெக் 8139. கிராஃபிக்ஸ் கார்டு? சிர்ரஸ் லாஜிக். என் லேப்டாப்பைத் திருகித் திறந்தால் இதில் ஒன்றுகூட இருக்காது. எல்லாம் பொய். க்யூஎமு என்ற மென்பொருள் சிரிக்காமல் சொல்லும் பொய். எக்ஸ்பிக்குத் தெரிந்த சாமான்களையே அது நடித்துக் காட்டுகிறது, ஏனென்றால் அவற்றுக்கான டிரைவர் எக்ஸ்பியிலேயே உண்டு. எக்ஸ்பி பிறந்தது 2001இல். இன்றைய எஸ்எஸ்டியைக் காட்டினால் மிரண்டுபோகும்.

விண்டோஸ் 11க்கு வேறு நாடகம். அது கொஞ்சம் பந்தா பார்ட்டி. 4 ஜிபி ரேம் வேண்டும், 64 ஜிபி டிஸ்க் வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும் என்று வாசலிலேயே நின்றுவிடும். சரி, இந்தா சிப் என்று ஒரு பொய்ச் சிப்பையும் மென்பொருளாலேயே செய்து நீட்டினால், மகிழ்ச்சியோடு உள்ளே வந்து உட்காருகிறது. டிஸ்க்கிலும் தில்லாலங்கடி உண்டு. 64 ஜிபி என்று அது நம்பும் டிஸ்க், என் பக்கம் ஒரே ஒரு கோப்பு. உள்ளே எழுத எழுதத்தான் வீங்கும். எழுதாத இடத்துக்கு வாடகை இல்லை.

இந்தக் க்யூஎமுவை எழுதத் தொடங்கியவர் ஃபப்ரீஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர், 2003இல். இவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர எனக்கு மனசு வராது. நீங்கள் யூடியூபிலோ வேறெங்கோ வீடியோ பார்க்கும்போது பின்னணியில் உழைக்கும் எஃப்எஃப்எம்பெக், அதுவும் அவர் தொடங்கியதே. 2009இல் சாதாரண டெஸ்க்டாப் ஒன்றை வைத்துக்கொண்டு பையின் மதிப்பை சுமார் 2.7 லட்சம் கோடி இலக்கம் வரை கணக்கிட்டு, சூப்பர் கம்ப்யூட்டர்காரர்களின் சாதனையை முறியடித்தார். அதோடு விட்டாரா? 2011இல் பிரவுசருக்குள்ளேயே லினக்ஸை ஓட்டிக் காட்டினார். ஒரு மனிதருக்கு இத்தனை வேலை எதற்கு என்று எனக்குச் சில சமயம் கோபம்கூட வரும்.

ஆனால் க்யூஎமு மட்டும் தனியாக நடித்தால் ஆமை வேகம். ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்து ஓட்ட வேண்டுமே. அங்கேதான் கேவிஎம் வருகிறது. இஸ்ரேலில் கும்ராநெட் என்ற சின்ன நிறுவனத்தில் அவி கிவிட்டி எழுதியது, 2007 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 2.6.20இல் சேர்ந்துவிட்டது. கேவிஎம் என்ன செய்கிறது? வி.எம்.மின் கட்டளைகளை நேராகப் பிராசசரிலேயே ஓட விடுகிறது. வம்பான கட்டளை வரும்போது மட்டும் கையைப் பிடித்து நிறுத்தி, தான் செய்து கொடுக்கிறது. பெங்களூர் பாணியில் சொல்வதானால், தான்தான் வீட்டுக்காரர் என்று நம்பிக்கொண்டிருக்கும் குடித்தனக்காரர் வி.எம். பத்து மாச அட்வான்ஸ்கூட வாங்காமல், அந்த நம்பிக்கை கலையாதபடி வீட்டைப் பார்த்துக்கொள்கிற நிஜ வீட்டுக்காரர் கேவிஎம்.

இந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதற்குள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஐபிஎம் 1972லேயே விஎம்/370 என்று பெரிய மெஷின்களில் இதைச் செய்து விற்றுவிட்டது. 1974இல் பொபெக், கோல்ட்பெர்க் இருவரும் எப்படிப்பட்ட பிராசசரில் இது சாத்தியம் என்று கணிதமாகவே எழுதி வைத்தார்கள். நம் வீட்டுக் கம்ப்யூட்டரின் இன்டெல் பிராசசர் அந்தப் பரீட்சையில் ஃபெயில்! பென்டியத்தில் 17 கட்டளைகள் இடக்கு செய்கின்றன என்று 2000இல் ஒரு ஆய்வு எண்ணியே சொன்னது. அதில் எனக்குப் பிடித்த வில்லன் ‘பாப்எஃப்’. அனுமதி இல்லாத இடத்தில் அதை ஓட்டினால் பிழை என்று கத்தவும் செய்யாது, கேட்டதைச் செய்யவும் செய்யாது. சில சர்க்கார் ஆஃபீஸ் மனுக்கள் போல என்று சொல்ல நாக்கு துடிக்கிறது, வேண்டாம். கத்தினால்தானே பிடித்து நிறுத்த முடியும்? கமுக்கமாக இருந்தால் என்ன செய்வது?

விஎம்வேர் நிறுவனம் 1999இல் இதற்கு ஒரு குறுக்குவழியோடு வந்தது. டயான் கிரீன், மென்டெல் ரோசன்ப்ளம் என்ற கணவன் மனைவியும் கூட்டாளிகளும் தொடங்கியது. வம்புக் கட்டளைகளை ஓடுவதற்கு முன்பே, போகிற போக்கிலேயே மாற்றி எழுதிவிடு என்றார்கள். முடியவே முடியாது என்று பாடப்புத்தகம் சொன்னதை கடையில் பெட்டி போட்டு விற்றார்கள்! பிறகு பெங்களூரிலும் அந்த நிறுவனத்துக்குப் பெரிய பொறியாளர் கூட்டம் வளர்ந்தது. 2005இல் இன்டெல்லே வழிக்கு வந்து, விடி-எக்ஸ் என்று பிராசசருக்குள் தனி வசதி வைத்தது. அடுத்த வருடம் ஏஎம்டி. அதன் மேல் உட்கார்ந்துதான் கேவிஎம் இவ்வளவு சின்னதாக, இவ்வளவு சீக்கிரமாக வர முடிந்தது.

ஒரு ரகசியம். உங்கள் லேப்டாப்பிலும் அந்த வசதி இருக்கும். ஆனால் கம்ப்யூட்டரின் தொடக்க அமைப்பான பயாஸில் யாரோ அதை அணைத்து வைத்திருக்கலாம். ஆன் செய்யும்போது எஃப்2வோ டெலீட்டோ தட்டி உள்ளே போய், ‘வெர்ச்சுவலைசேஷன்’ என்ற வரியைத் தேடுங்கள். ‘டிசேபிள்ட்’ என்று இருந்தால் ஆன் செய்யுங்கள். பல வருடமாக ஒரு பூட்டிய அறையோடு வீட்டில் குடியிருந்திருக்கிறீர்கள்!

அடுத்த நிறுத்தம், எஸ்.பி. ரோடு. முழுப் பெயர் சதர் பத்ரப்பா ரோடு. டவுன் ஹாலிலிருந்து நடந்துபோகும் தூரம். ஒரு மனிதன் நிம்மதியாக நடக்க முடியாத அகலத்தில் உலகத்தின் எல்லாக் கம்ப்யூட்டர் சாமானும் விற்கும் தெரு. கேபிள் தோரணம், கீபோர்டு கோபுரம், உடைத்த லேப்டாப் ஸ்க்ரீன்கள், டெம்போவில் வந்து இறங்கும் கேபினெட்டுகள். மூன்று கம்ப்யூட்டரை ஒன்றுக்குள் அடைப்பதற்குப் பிராசசரைவிட முக்கியம் ரேம். அதனால்தான் போனேன்.

“கேமிங்கா சார், எடிட்டிங்கா?” என்றார் கடைக்காரர், தலையை நிமிர்த்தாமல்.

“ரெண்டும் இல்லண்ணா. வி.எம். ஓட்டணும்.”

தலை நிமிர்ந்தது. “எத்தனை?”

“மூணு.”

“அப்ப பதினாறு போதாது. முப்பத்திரண்டா போட்டுடுங்க. நாலாவது ஒண்ணு வரும் சார், எல்லாருக்கும் வரும்.”

அவர் தெய்வம். (நாலாவது பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.) லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு, ஸ்க்ரூ கழற்றி, இரண்டு பட்டையைச் செருகி மூடினார். நான் கடன் கேட்கும் தொனியில், பழைய 440எஃப்எக்ஸ் போர்டு எங்காவது கிடைக்குமா என்று கேட்டேன். “அது ஸ்க்ராப்புல தங்கத்துக்கு உருக்கிட்டாங்க சார்” என்றார். என் லேப்டாப்புக்குள் அது சுகமாக ஓடிக்கொண்டிருக்கும் விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை.

முப்பத்திரண்டில் எக்ஸ்பிக்கு நான் கொடுப்பது அரை ஜிபி. அதற்கே அது மிராசுதார் மாதிரி நடந்துகொள்கிறது. மைக்ரோசாஃப்ட் அதற்கு விதித்த குறைந்தபட்சமே 64 எம்பிதான். லினக்ஸ் சர்வருக்கு 2 ஜிபி. அதற்குள் ஒரு பலூன் டிரைவர் உண்டு. பெயரே அதுதான், நான் வைத்ததல்ல. பக்கத்து வி.எம்.முக்கு ரேம் தேவைப்பட்டால் இந்தப் பலூனை உள்ளே ஊதுவார்கள். பலூன் இடத்தை அடைத்துக்கொள்ள, அந்த லினக்ஸ் தன் சாமான்களை ஒடுக்கிக்கொள்ளும். பலூன் பிடித்த இடத்தை வெளியே எடுத்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். ரேமைத் திருடுவதற்கு இப்படி ஒரு நாசூக்கான வழியை யோசித்தவரை நான் பார்க்க வேண்டும்.

இந்த மூன்றுக்கும் நடுவில் தனியாக ஒரு குட்டி இணையமே இருக்கிறது. லேப்டாப் அதில் 192.168.122.1. சர்வருக்கு அதே வரிசையில் ஒரு எண். லேப்டாப்பின் ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும், என் தளத்தின் பெயரைத் தட்டியதும் பிரவுசர் உலகத்தைச் சுற்றாமல் நேராகப் பக்கத்து வி.எம்.முக்குப் போகும். போன வாரம் மழையில் கரண்ட் போய், ரவுட்டர் அணைந்து, தெருவே இருட்டில் உட்கார்ந்திருந்தது. பேட்டரியில் என் இணையம் மட்டும் ஜம்மென்று ஓடியது, ஒரே ஒரு வாசகரோடு!

எக்ஸ்பியை மட்டும் வெளி உலகத்தோடு பேச விடுவதில்லை. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. வயதானவரை ஹோசூர் ரோடு டிராஃபிக்கில் இறக்கிவிடுவார்களா யாராவது?

சரி, எனக்கு ரொம்பப் பிடித்த விளையாட்டுக்கு வருவோம். சர்வரை அழிப்பது.

முதலில் ஸ்னாப்ஷாட். ஒரு கட்டளை, ஒரு நொடி. அந்தக் கணத்தில் டிஸ்க் எப்படி இருந்ததோ அப்படியே உறைந்துவிடும். இனி எழுதுவதெல்லாம் வேறு இடத்தில் எழுதப்படும், பழையதில் ஒரு பிட்கூடக் கலையாது. இப்போது சர்வருக்குள் போய், ஆணிவேரிலிருந்து எல்லாக் கோப்பையும் அழிக்கச் சொல்கிறேன். லினக்ஸே ஒரு நிமிடம் தயங்குகிறது. கூடுதலாக ஒரு சுவிட்ச் போட்டு வற்புறுத்தினால்தான் ஒப்புக்கொள்ளும். அப்புறம் பாருங்கள், கோப்புப் பெயர்கள் சரசரவென்று ஸ்க்ரீனில் ஓடி மறைகின்றன. முடிந்ததும் பட்டியல் பார்க்கும் ‘எல்எஸ்’ கட்டளையைக் கேட்டால், அப்படி ஒன்று இல்லை என்கிறது. காப்பி செய்யும் கட்டளை இல்லை. ஷட்டவுன் செய்வதற்கான கட்டளைகூட இல்லை. ஆனால் டெர்மினல் இன்னும் பேசுகிறது! கட்டளைகளை வாங்கும் ஷெல் ஏற்கெனவே ரேமில் உட்கார்ந்திருக்கிறது. ‘எக்கோ’ அதன் வயிற்றுக்குள்ளேயே இருப்பதால் வேலை செய்கிறது. வெப் சர்வரும் உயிரோடுதான் இருக்கிறது. பக்கத்தைக் கேட்டால் பணிவாக 404, அதாவது பக்கம் இல்லை, என்கிறது. வீடே இடிந்த பின்னும் வாசலில் நின்று ‘ஐயா வெளியே போயிருக்கார்’ என்கிற விசுவாசம்.

திரும்ப ஒரு கட்டளை. ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பு. முழு ஊரும் மீண்டும் எழுந்து நிற்கிறது.

இது வெறும் விளையாட்டு என்று நினைத்தால், நீங்கள் இன்னும் ஒரு சர்வரில் எதையும் முதல்முறை நிறுவிப் பார்த்ததில்லை. டேட்டாபேஸை மாற்றிப் பார்க்கலாமா, இந்த விசித்திரமான செட்டிங்கைத் தொட்டால் என்ன ஆகும், நேற்று வந்த புது வெர்ஷனுக்குத் தாவலாமா? ஆஃபீஸ் சர்வரில் இதற்கெல்லாம் மூன்று பேர் ஒப்புதல் வேண்டும், வெள்ளிக்கிழமை என்றால் அதுவும் கிடைக்காது. இங்கே கைக்குப் பயமே இல்லை. நான் தெரிந்துகொண்ட சர்வர் வித்தையில் பாதி, உடைத்து, சிதறியதைக் குனிந்து பார்த்துத் தெரிந்துகொண்டது. இதற்கு வி.எம். எதற்கு, கண்டெய்னர் போதாதா, டாக்கர் போதாதா என்று எதிர் அறைத் தம்பி கேட்பான். 2013இல் டாக்கர் வந்தபின் அவன் வயசுப் பிள்ளைகளுக்கு வி.எம். என்றாலே தாத்தா சமாச்சாரம். கண்டெய்னர்கள் எல்லாம் ஒரே கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையத்தை, பகிர்ந்துகொள்பவை. லினக்ஸ் கெர்னலின் மேல் எக்ஸ்பியை எப்படிடா உட்கார வைப்பாய்? கப்சிப்.

இனி அந்த ‘ஸ்ரீ’ கதை. இதைச் சொல்லத்தான் உடம்பு பரபரக்கிறது.

என் போர்டுகளில் கணிசமானவை ‘ஸ்ரீ’யில் தொடங்குகின்றன. தேடு பெட்டியில் ஸ்ரீ என்று தட்டினால் எல்லாம் வரவேண்டும் இல்லையா? பாதிதான் வந்தது. வராத பாதியை உற்று உற்றுப் பார்த்தேன். அதே ஸ்ரீ, அதே கொம்பு, அதே வளைவு. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அப்போது ஒரு பொறி தட்டி, அதே பக்கத்தை எக்ஸ்பி வி.எம்.மில் திறந்தேன். பாதி ஸ்ரீக்கள் ஸ்ரீயாக நின்றன. மீதிப் பாதியின் இடத்தில் கட்டம்! மாறுவேடம் கலைந்துவிட்டது!

நடந்தது இதுதான். ஆரம்பத்தில், எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ஸ்ரீ என்பது ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்ற வரிசை. 2005இல் வந்த யூனிகோட் 4.1இல் ‘ஶ’ என்ற எழுத்து தனியாகச் சேர்க்கப்பட்டு, ஸ்ரீயை அதைக் கொண்டே எழுதுவதுதான் முறை என்று ஆனது. இன்றைய எழுத்துருக்கள் இரண்டு வரிசையையும் ஒரே உருவமாகக் காட்டும். கீபோர்டுகள் தங்கள் இஷ்டத்துக்கு ஒன்றையோ மற்றதையோ தட்டும். நான் வாசகங்களை லேப்டாப்பில் கொஞ்சம், போனில் கொஞ்சம் என்று அடித்திருந்தேன். 2001இல் பிறந்த எக்ஸ்பியின் லதாவுக்கு 2005இல் வந்த எழுத்து எப்படித் தெரியும்? அறியாமையால் அது காட்டிக்கொடுத்தது. நவீனக் கம்ப்யூட்டர்கள் நாகரிகமாக மூடி மறைத்ததை ஒரு கிழம் போட்டு உடைத்தது.

அதன்பின் வெறி பிடித்துவிட்டது. ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறியை ஒரே எழுத்தாகவும், எகரக் குறியையும் காலையும் அடுத்தடுத்தும். இதற்குக் கவலை இல்லை, யூனிகோடே இரண்டும் ஒன்று என்று சொல்லிவிட்டது, இயல்பாக்கம் என்ற ஒரு படியில் ஓட்டினால் சரியாகிவிடும். இரண்டு ஸ்ரீக்கும் அந்தச் சலுகை கிடையாது, நாமே கையால் மாற்ற வேண்டும். ‘ஔவை’யின் ஔவை ஒரே எழுத்தாக அடிக்காமல் ஒ போட்டுப் பக்கத்தில் ள போட்டு அடிப்பவர்கள் இருக்கிறார்களே, அது தனிப் பஞ்சாயத்து. பழைய போர்டுகளில் யானைத் துதிக்கை வைத்த ‘லை’ வருகிறது. 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்வதற்கு முந்தைய வடிவம். அதற்கு யூனிகோடில் தனி எண்ணே இல்லை, எழுத்துருதான் அந்த உருவத்தைக் கொடுக்க வேண்டும். அதைப் படத்தில் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டேன்.

தேடலின் பின்கட்டைச் சோதிக்க ஒரு கருவி வேண்டும். எந்த ஸ்ரீயை அனுப்பினால் எத்தனை போர்டு திரும்புகிறது என்று, பக்கத்தைத் திறக்காமலே சர்வரிடம் நேராகக் கேட்டுப் பார்க்க. இங்கே நம்ம ஊர்ப் பெருமை. போஸ்ட்மேன்! அபினவ் அஸ்தானா பெங்களூரில் யாஹூவில் பயிற்சிக்கு இருந்தபோதே, மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் ஏபிஐகளோடு மல்லுக்கட்டி அலுத்துப் போனவர். 2012இல் தன் சௌகரியத்துக்காகப் பக்கவாட்டு வேலையாக ஒரு குரோம் நீட்சி எழுதி இலவசமாகப் போட்டார். ஆட்கள் மொய்த்தார்கள். 2014இல் அபிஜித் கானே, அங்கித் சோப்தி இருவரோடு சேர்ந்து பெங்களூரில் நிறுவனமாக்கினார். 2021இல் அதன் மதிப்பு 560 கோடி டாலர். வேலைக்கு நடுவில் தன் எரிச்சலைத் தீர்க்க ஒருவர் செய்த கருவி இது என்பதை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நினைத்துக்கொள்வேன். (என் ஸ்ரீ தேடலுக்கு யாரும் 560 ரூபாய்கூடத் தரமாட்டார்கள் என்பதையும்.)

இந்த ஊரில் அந்த மாதிரி ஆட்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. இணையம் வீட்டுக்கு வராத 1989லேயே அதுல் சிட்னிஸ் இங்கே, கம்ப்யூட்டர்கள் டெலிபோன் வழியே இணையும் ஒரு புல்லட்டின் போர்டு நடத்தினார். 1996இல் பிசிகுவெஸ்ட் பத்திரிகையோடு லினக்ஸ் சிடி வந்ததற்குப் பின்னால் அவர் இருந்தார். டவுன்லோடு என்பதே கனவாக இருந்த காலத்தில், புத்தகக் கடையில் காசு கொடுத்து லினக்ஸ் வாங்கினார்கள் இந்தியர்கள். 2001இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய ‘லினக்ஸ் பெங்களூர்’ மாநாடு பின்னால் ஃபாஸ்.இன் ஆகி 2012 வரை நடந்தது. அவர் 2013இல் காலமானார். அந்த சிடிக்களை நிறுவ, ஹார்ட் டிஸ்க்கை இரண்டாக வெட்ட வேண்டும். ஒரு எண் தப்பினால் அப்பாவின் கணக்கு வழக்கு, அக்காவின் பிராஜெக்ட் எல்லாம் போச்சு. அப்படி வீட்டில் அடி வாங்கிய ஒரு தலைமுறையே இருக்கிறது. ஸ்னாப்ஷாட்டை அவர்களுக்குக் காட்டும்போது முகத்தைப் பார்க்க வேண்டும்.

தளம் தயாரானதும் வெளியே அனுப்ப வேண்டுமே. டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் 2016இல் பெங்களூரில் ஒரு டேட்டா சென்டர் திறந்தது. பிஎல்ஆர்1 என்று பெயர், விமான நிலையக் குறியீடு போலவே. அப்போது மாதம் 5 டாலரிலிருந்து ஒரு சர்வர் வாடகைக்குக் கிடைத்தது. நியூயார்க் சர்வர் என்றால் கண்ணாடி இழையில் ஒளியே போய்வர சுமார் 0.13 நொடி. 13,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம், இழைக்குள் ஒளியின் வேகம் நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர்தானே. பிஎல்ஆர்1 என்றால், ஊருக்குள்ளேயே ஆட்டோ பிடிக்கிற தூரம். சிவாஜிநகர் போர்டைச் சிவாஜிநகரில் இருப்பவர் பார்க்க, படம் கடல் தாண்டிப் போய்வர வேண்டாம்.

அங்கே என் பெயரில் வாடகைக்குக் கிடைப்பதும் ஒரு வி.எம்.தான். அதன் அடியில் ஓடுவது? கேவிஎம்! என் மேஜையில் எக்ஸ்பியை ஏமாற்றிக்கொண்டிருக்கும் அதே நிரல். அந்தப் பளபளப்பான கண்ணாடி மாளிகைக்குள்ளும் இதே பொய், இதே வீட்டுக்காரர், இதே குடித்தனம். இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் அறைக்குள் குதித்ததில் கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். வீட்டில் ஒத்திகை பார்த்த அதே டெபியன் லினக்ஸ், அதே செட்டிங்குகள். நிறுவும் ஸ்கிரிப்டை அங்கே ஓட்டினேன். முணுமுணுப்பில்லாமல் எழுந்து நின்றது. லெட்ஸ் என்கிரிப்டிலிருந்து இலவசச் சான்றிதழ், முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு. உலகம் முழுக்கத் திறக்கிறது என் தளம்!

எக்ஸ்பியைத் தவிர.

ஆசைக்கு ஒரே ஒரு முறை அதன் கயிற்றை அவிழ்த்து, இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் என் முகவரியைத் தட்டினேன். பக்கம் வரவில்லை. அந்தப் பூட்டுக்கு வேண்டிய டிஎல்எஸ் 1.2 அதற்குத் தெரியாது. ஒரே எண்ணில் பல தளங்கள் குடியிருந்தால் யாரைப் பார்க்க வந்தேன் என்று வாசலிலேயே பெயர் சொல்லும் வழக்கமும் அதற்குப் பழக்கமில்லை. ஆக, இரட்டை ஸ்ரீயைக் கண்டுபிடித்துக் கொடுத்த மகராசனுக்கே என் தளத்தில் அனுமதி இல்லை. பூட்டில்லாத பழைய 80ஆம் எண் வாசலை லேப்டாப்பில் உள்ள பிரதியில் மட்டும் அதற்காகத் திறந்து வைத்திருக்கிறேன். தினமும் இரவில் புதுப் போர்டுகளைச் சேர்த்ததும் முதலில் அதனிடம்தான் காட்டுகிறேன். கட்டம் தெரிந்தால், எங்கோ புது வரிசை ஸ்ரீ.

நாலாவது? கடைக்காரர் சொன்னபடியே வந்துவிட்டது. விண்டோஸ் 98. நேற்றிரவு நிறுவினேன், 16 நிறத்தில் மினுக்கிக்கொண்டு எழுந்தது. அந்தக் காலத்துத் தமிழ்த் தளங்களுக்கு யூனிகோட் இல்லை. டிஸ்கி என்ற குறியாக்கம் இருந்தது, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் அறிவித்த டாம், டாப் இருந்தன. ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு எழுத்துருவை இறக்கிக்கொண்டு படிப்பார்கள். என் போர்டுகளை டிஸ்கிக்கு மாற்றி, இதில் ஒரு பதிப்பு போட்டால் என்ன? யாருக்குப் பயன் என்று கேட்காதீர்கள். பழைய டிஸ்கி எழுத்துரு கோப்பு யாரிடமாவது ஃப்ளாப்பியில் இருந்தால் சொல்லுங்கள். ஃப்ளாப்பி டிரைவையும் க்யூஎமு நடித்துக் காட்டும்; நிஜ டிரைவுக்கு எஸ்.பி. ரோட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.